ஜே.சி. குமரப்பாவின் வாழ்வும் கச்சாப்பொருள் அறமும்: கதர், கைக்காகிதத் தொழில்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

காந்தியப் பொருளியலாளராக அறியப்படும் ஜே.சி. குமரப்பா (1892–1960) தொழிலால் கணக்காளர். ஒரு பொருளின் விலையைக் கணக்கிடும் முறையில் எவை சேர்க்கப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்னும் கேள்வியே அவருடைய வாழ்வின் இரு பகுதிகளையும் இணைக்கிறது. அவரது வாழ்க்கை வரலாற்றைக் கதர், கைக்காகிதம் ஆகிய இரு தொழில்களின் வழியாக இக்கட்டுரை அணுகுகிறது. அவ்வணுகுமுறை தருமபுரி மாவட்டச் சூழலில் எழுப்பும் வினாக்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: குமரப்பா, கிராமக் கைத்தொழில், கதர், கைக்காகிதம், நிலைத்த பொருளியல், மகன்வாடி, தருமபுரி.

முன்னுரை

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் நூற்கப்பட்ட இழையையும் எழுதப்பட்ட ஏட்டையும் ஒருசேரக் குறிக்கும். நூல் செய்தலை நூல் நூற்றலோடு ஒப்பிட்டுக் காட்டும் மரபு நன்னூல் பாயிரத்திலேயே உண்டு. ‘தாள்’ என்னும் சொல்லும் பயிரின் தண்டையும் எழுதும் காகிதத்தையும் குறித்து நிற்கிறது. ‘காகிதம்’ பாரசீக வழியிலும் ‘கடுதாசி’ போர்த்துக்கீசிய வழியிலும் தமிழுக்கு வந்தவை. துணியும் தாளும் ஒரே நாரிலிருந்து பிறப்பவை என்பதைச் சொல்வழக்கு மறக்கவில்லை. தொழில் உலகம் மறந்துவிட்டது. உடுத்திக் கிழிந்த துணியே நல்ல காகிதத்தின் கச்சாப்பொருள் என்ற பழைய உறவை இருபதாம் நூற்றாண்டில் ஒரு பொருளியல் கொள்கையின் பகுதியாக்கியவர் தஞ்சாவூரில் பிறந்த ஒரு தமிழர். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் தியாகத்தையும் எளிமையையும் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அவரது கணக்கறிவு அவ்வாழ்க்கைக் குறிப்புகளில் ஓர் இளமைக்காலச் செய்தியாக மட்டுமே இடம்பெறுகிறது. அக்கணக்கறிவே அவரது பிற்காலச் சிந்தனையின் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தஞ்சாவூரிலிருந்து நியூயார்க்குக்கு

ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் 1892 சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். சென்னையில் பள்ளிக் கல்வியை முடித்து, இலண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்று, அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்றினார். முதல் உலகப் போர் முடிந்தபின் 1919இல் நாடு திரும்பிப் பம்பாயில் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இறங்கினார். ஆங்கிலேய உடை, ஆங்கிலேய நடை, வளமான வருவாய் என அமைந்த அவ்வாழ்வில் நாட்டின் வறுமை குறித்த கேள்விக்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

மாற்றம் அமெரிக்காவில் நேர்ந்தது. 1927இல் அங்குச் சென்றவர் சைரகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மையில் பட்டம் பெற்றார். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் அறிஞர் செலிக்மனிடம் முதுகலை பயின்றார். ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமைக்கான காரணங்களைப் பற்றி அவர் ஆற்றிய உரை நாளிதழில் செய்தியாக வந்தது. அதைக் கண்ட செலிக்மன் அப்பொருளையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுமாறு தூண்டினார். இந்தியப் பொதுநிதி நிருவாகத்தை ஆராயப் புகுந்த மாணவர், ஆட்சியாளர்களின் வரவு செலவுக் கணக்குகளைத் தணிக்கையாளரின் கண்கொண்டு படித்தார். மக்களிடமிருந்து வரியாகப் பெறப்பட்டது எது, அவர்களுக்குத் திரும்பியது எது என்ற இரு நிரல்களும் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமையே ஆய்வேட்டின் முடிவு. அரசியல் மேடை எதிலும் ஏறாதவர், ஏகாதிபத்தியத்தின் கணக்கில் பிழை கண்டதால் தேசியவாதியானார். இதே காலத்தையொட்டிக் குடும்பத்தின் பழைய பெயரான ‘குமரப்பா’வை மீண்டும் ஏற்றார். உடன்பிறந்தவர்களான பாரதன் குமரப்பாவும் ஜே.எம். குமரப்பாவும் அப்பெயராலேயே பின்னாளில் அறியப்பட்டனர்.

சபர்மதியும் ஆடையும்

1929இல் நாடு திரும்பிய குமரப்பா தம் ஆய்வேட்டை வெளியிட விரும்பினார். நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி அதன் படி காந்தியடிகளின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. மே 9ஆம் நாள் சபர்மதிக்கு வருமாறு அழைப்பு வந்தது. குறித்த நேரத்திற்கு முன்பே சென்று, மேனாட்டு உடையில் ஆற்றங்கரையோரம் நடந்து கொண்டிருந்தவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு வேடிக்கை பார்த்து நின்றார். தாம் காண வந்தவர் அவரே என்பது பிறகுதான் தெரிந்தது. மடிப்புக் கலையாத காற்சட்டையுடன் தரையில் அமர்வதில் அவருக்கு இருந்த இடர்ப்பாட்டை அவரே பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆய்வு ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்தது. கிராமப் பொருளாதாரத்தை நேரில் ஆராயும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் குஜராத் வித்யாபீட மாணவர்களோடு ஊர் ஊராகச் சென்று அவர் நடத்திய கள ஆய்வு 1931இல் நூலாயிற்று. இந்தியக் கிராமப் பொருளாதாரக் கள ஆய்வுகளுள் அது முன்னோடியானது.

அவர் கதருக்கு மாறியதை மனமாற்றத்தின் அடையாளம் என்று மட்டும் கொள்வது போதாது. வேட்டியையும் சட்டையையும் இணைத்துத் தமக்கென ‘தோத்தி ஜாமா’ என்னும் உடையை அவரே வடிவமைத்துக்கொண்டார். வேலை செய்வோர்க்கு ஏற்றதாகவும் குறைந்த துணியில் முடிவதாகவும் அது இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிறரிடமிருந்து பெற்ற வடிவத்தை அப்படியே ஏற்காமல், கச்சாப்பொருளின் அளவு, தைக்கும் உழைப்பு, பயன்பாடு ஆகியவற்றைக் கணக்கிட்டே பொருளை வடிவமைக்க வேண்டும் என்னும் அவரது பிற்கால நெறி இந்த உடையிலேயே தொடங்கிவிட்டது.

1934 பீகார் நிலநடுக்கத்தின்போது துயர் துடைப்பு நிதியின் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என வரம்பு விதித்தார். காந்தியடிகளும் அவர் குழுவினரும் வந்தபோது அவ்வரம்பை மீறிய செலவை நிவாரணக் கணக்கில் எழுத மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சி நேர்மைக்குச் சான்றாகப் பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதைவிட நுட்பமான ஒன்றும் இதில் உண்டு: யாருக்குரிய செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்று கேட்கும் பழக்கம். அதே கேள்வியைச் சில ஆண்டுகளில் அவர் ஆலைத்துணியிடமும் ஆலைக்காகிதத்திடமும் கேட்டார்.

மகன்வாடி

1934 அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரசு மாநாட்டின் தீர்மானப்படி, டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பட்டது. குமரப்பா அதன் அமைப்பாளரும் செயலாளரும் ஆனார். தாகூர், ஜெகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய், சி.வி. இராமன் முதலியோர் சங்கத்தின் ஆலோசகர்களாக இருக்க இசைந்தனர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த நிலத்தில் சங்கம் இயங்கியது. இராட்டையின் நுட்பங்களை ஆராய்ந்து 1928இல் மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. கதர்ப்பணி 1925இல் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. ஆதலால் கதர் நீங்கலான தொழில்களே புதிய சங்கத்திற்கு உரியவையாயின. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, தோல் பதனிடுதல், சோப்பு, காகிதம் ஆகியவை அவற்றுள் சில. 1938 டிசம்பர் 30ஆம் நாள் காந்தியடிகளால் திறந்துவைக்கப்பட்ட மகன் சங்கிரகாலயம் கதரையும் பிற கைத்தொழில்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது.

மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கு அங்கு உருவானது. வெளியூரிலிருந்து விலைக்கு வரும் கனிம எண்ணெயை எரிப்பதைவிட, ஊரில் விளையும் உண்ணத்தகாத வித்துகளின் எண்ணெயை எரிப்பது மேல் என்பது அதன் பின்னணிக் கருத்து. வேம்பும் புங்கமும் ஊர்ப்புறத்தில் நின்று விதையை மண்ணில் உதிர்க்க, கடல்கடந்து வரும் எண்ணெய்க்குக் கிராமம் காசு கொடுப்பது கணக்காளருக்கு உறுத்தியது.

காகிதத் தொட்டி

சங்கத்தின் தொழில்களுள் காகிதம் தனித்தன்மை உடையது. அரிசியும் எண்ணெயும் கிராமத்தின் அன்றாடத் தேவைகள். காகிதமோ பெரும்பாலும் அலுவலகமும் பள்ளியும் கேட்கும் பொருள். எனவே இத்தொழிலின் வாழ்வு அரசின் கொள்முதலைச் சார்ந்தது. சங்கம் தொடங்கப்பட்டபோது கைக்காகிதம் ஜுன்னர், கால்பி, சாங்கானேர், தௌலதாபாத்தை அடுத்த காகசீபுரா முதலிய சில ஊர்களில் மட்டும் எஞ்சியிருந்தது. ‘காகசி’ எனப்பட்ட முசுலிம் கைவினைக் குடும்பங்களே பெரும்பாலும் அதை அறிந்திருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் எழுந்த பாலி, திதாகர் ஆலைகளும் இறக்குமதிக் காகிதமும் அக்குடும்பங்களின் சந்தையைப் பறித்திருந்தன. 1925இல் அரசு காப்புச் சட்டம் ஒன்று இயற்றியது. ஆனால் அது காத்தது மூங்கிற்கூழ்க் காகித ஆலைகளை, கைத்தொட்டிகளை அன்று.

மகன்வாடியில் காகிதப் பிரிவைக் கே.பி. ஜோஷி கவனித்துவந்தார். இத்தொழில் குறித்து அவர் எழுதிய கையேட்டைச் சங்கம் வெளியிட்டது. பழைய முறை ஏறத்தாழ இவ்வாறு அமையும். கந்தல், பழங்கயிறு, கிழிந்த கோணி, சணப்பு நார், எழுதி முடித்த தாள் ஆகியவற்றை நறுக்கிச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைப்பர். பின் மிதியுலக்கையால் இடித்து, ஓடுநீரில் அலசி, மறுபடியும் இடிப்பர். நார் தனித்தனியே பிரிந்து கூழாகும்வரை இது தொடரும். கூழைத் தரையில் புதைத்த தொட்டியின் நீரில் கலக்கி, புல்லின் மெல்லிய ஈர்க்குகளைக் குதிரைமயிரால் கோத்த சல்லடைப் பாயை அதனுள் சாய்த்து எடுப்பர். நீர் வடியும்போது கையின் ஒரு குலுக்கலில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். தாளின் வலிமையும் சீரான கனமும் அக்குலுக்கலில் அடங்கியவை. ஈரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தி நீரை நீக்கிச் சுவரில் ஒட்டி உலர்த்துவர். மை ஊறாதிருக்கக் கஞ்சிப்பசை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர்.

இம்முறையில் அறியத்தக்க பொருளியல் செய்தி ஒன்று உண்டு. பருத்தி நார் இயல்பாகவே மாவியத்தில் செறிந்தது. மரத்திலும் மூங்கிலிலும் உள்ள அளவு லிக்னின் அதில் இல்லை. மரக்கூழிலிருந்து லிக்னினை நீக்கக் கடும் இரசாயனமும் உயர் வெப்பமும் வேண்டும். கந்தலுக்குச் சுண்ணாம்பும் நீரும் உழைப்பும் பெரும்பாலும் போதுமானவை. நெசவுக்காக ஏற்கெனவே தூய்மை செய்யப்பட்ட நார் ஆதலால், துணி உழைத்துத் தேய்ந்தபின் அதே நார் இரண்டாம் வாழ்வு பெறுகிறது. கந்தல் காகிதம் நெடுங்காலம் பழுப்பேறாமல் நிற்பதும் இதனாலேயே.

இத்தொழிலின் கடினமான பகுதி இடித்தல். மிதியுலக்கையில் நாள் முழுதும் மிதித்தாலும் கிடைக்கும் கூழ் சிறிது. மகன்வாடிச் சோதனைகள் இவ்விடத்தில்தான் முட்டிநின்றன. கையால் செய்வது எதுவோ அதுவே நல்லது என்னும் எளிய நிலைப்பாடு குமரப்பாவுடையது அன்று. எஃகு, இரசாயனம், மின்சாரம் போன்ற அடிப்படைத் தொழில்கள் பெரிய அளவில், அரசின் கட்டுப்பாட்டில் நடைபெறலாம் என்பதை அவர் ஏற்றவர். அவை கிராமத் தொழிலுக்குத் துணையாக நிற்க வேண்டும். அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதே அவர் இட்ட வரம்பு. இவ்வரம்பின்படி, கூழ் அரைக்கும் பொறியும் வெளுக்கும் காரமும் தொழிலாளிக்குத் துணைசெய்வதில் தடையில்லை. தாளை எடுக்கும் கையையும் அக்கையின் வருவாயையும் பொறி பறிக்கும் இடத்தில்தான் தடை எழுகிறது. அவரை இயந்திர எதிர்ப்பாளர் என ஒரு சொல்லில் முடிப்பவர்கள் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

விலை என்னும் கணக்கு

கைக்காகிதம் ஆலைக்காகிதத்தைவிட விலை மிகுந்தது. இம்மறுப்பைச் சங்கம் தொடக்கம் முதலே எதிர்கொண்டது. இதற்குக் குமரப்பா தந்த விடை 1936இல் வெளிவந்த ‘கிராம இயக்கம் ஏன்?’ என்னும் பொருளுடைய ஆங்கில நூலிலும் பிற கட்டுரைகளிலும் விரிகிறது. பொருளின் விலைச்சீட்டு அதன் வரலாற்றை மறைக்கிறது என்பது அவ்விடையின் சாரம். அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் கொக்கோ ஒன்று. ஆப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பால் விளைந்து, படைபலத்தால் காக்கப்படும் கடல்வழியில் வந்து, குறைகூலி உழைப்பால் பதப்படுத்தப்பட்டு மேசைக்கு வரும் அப்பானத்தை அருந்துபவர், அவ்வழியில் நிகழ்ந்த கொடுமைகள் அனைத்திலும் பங்கு கொள்கிறார் என்பது அவர் வாதம். வாங்குபவரின் பொறுப்பு, வாங்கும் பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அவ்வளவுக்குக் கண்காணிக்க முடியாததாகிறது. ஆகவே கண்காணிக்கக்கூடிய எல்லைக்குள் விளைந்த பொருளையே வாங்குவது அறம்.

ஆலைக்காகிதத்தின் மலிவுக்கு இவ்வாதத்தைப் பொருத்தினால் கணக்கு மாறுகிறது. வனத்துறை குறைந்த கட்டணத்திற்குத் தரும் மூங்கில், இறக்குமதிப் பொறிகளுக்குச் சுங்கக் காப்பு, ஆற்றில் விடப்படும் கழிவு, வேலையிழந்த காகசிக் குடும்பத்தின் பசி ஆகிய எவையும் ஆலைத் தாளின் விலையில் ஏறவில்லை. அச்செலவை யாரோ ஏற்கின்றனர். ஏற்பவர் வாங்குபவர் அல்லர். பீகாரில் மூன்றணாவுக்கு மேற்பட்ட செலவைப் பொதுநிதியில் எழுத மறுத்த அதே தணிக்கை மனம் இங்கும் செயற்படுகிறது. சங்கத்தின் மடல்களுக்கும் வெளியீடுகள் பலவற்றுக்கும் கைக்காகிதமே பயன்பட்டது.

இவ்வாதத்தின் வலிமையை ஒப்பும்போதே அதன் குறையையும் சுட்டுதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு ஏடு வாங்கும் ஏழைத் தந்தை, மறைந்த செலவுகளை எல்லாம் சேர்த்துக் கூடுதல் விலை தர இயலாது. அறக்கணக்கு சரியாக இருந்தும் அவர் பை அதற்கு இடம் தராது. இதனாலேயே அரசே கைக்காகிதத்தின் முதன்மை வாடிக்கையாளராக வேண்டும் என்ற கோரிக்கை முன்வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கைத்தாளுக்குத் தேவை பெருகியது. தட்டுப்பாடு நீங்கியதும் அத்தேவையும் தளர்ந்தது. மற்றொரு குறையும் உண்டு. கந்தல் பொறுக்குவோர், இடிப்போர், தோல் பதனிடுவோர் எந்தச் சாதியினர், அத்தொழில்களோடு ஒட்டிய இழிவு எவ்வாறு நீங்கும் என்ற கேள்வி, கச்சாப்பொருளுக்குத் தரப்பட்ட அழுத்தம் அளவுக்கு அவருடைய பொருளியல் எழுத்தில் முதன்மை பெறவில்லை. கிராமத்தைப் பொருளியல் அலகாகக் கொள்ளும்போது அதன் உள்முரண்கள் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றன.

தேக்கமும் ஓட்டமும்

1942 இயக்கத்தைத் தொடர்ந்து சிறைப்பட்ட குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளும் வாழ்வும் பற்றியது. மற்றது ‘நிலைத்த பொருளியல்’ எனத் தமிழில் குறிக்கத்தக்கது. காந்தியடிகளின் முன்னுரையோடு 1945இல் வெளிவந்த இந்நூலே அவரது கருத்துலகின் மையம். அம்முன்னுரையில் அவருக்குக் கிராமக் கைத்தொழில் அறிஞர் என்ற பட்டத்தைக் காந்தியடிகள் விளையாட்டாகவும் மெய்யாகவும் சூட்டினார். சிறைவாழ்வு அவர் உடல்நலத்தை நிரந்தரமாகக் குலைத்தது என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இயற்கை வளங்களை இருவகையாக அவர் பிரித்துக் கண்டார். நிலக்கரி, கல்லெண்ணெய், உலோகத் தாது போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை, தேங்கிய நீர்போன்றவை. காட்டின் வளர்ச்சி, ஆற்றின் ஓட்டம், பயிரின் விளைவு ஆகியவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. தேக்கத்தைச் சார்ந்த பொருளாதாரம் விரைவில் வற்றும். எஞ்சியதைக் கைப்பற்றப் போர் மூளும். ஓட்டத்தைச் சார்ந்தது நிலைக்கும். அதற்கு வன்முறை தேவைப்படாது. ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டுவாழ்வு, தொண்டு எனப் பொருளாதாரங்களை ஐந்தாக வகுத்து உயிரினங்களின் வாழ்முறையோடு அவர் ஒப்பிட்ட பகுதியும் இந்நூலிலேயே உள்ளது. ‘நீடித்த வளர்ச்சி’ என்ற தொடர் உலக அரங்கில் வழக்குப் பெறுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவை இவை. எனினும் அவரைச் சூழலியலின் முன்னோடி என்று மட்டும் அழைப்பது அவர் கருத்தின் பாதியை விட்டுவிடுகிறது. வளம் தீர்ந்துபோகும் என்ற அச்சத்தைவிட, தீரும் வளத்துக்காக மனிதர் மனிதரைக் கொல்வர் என்ற அச்சமே அவரிடம் மிகுதி. இரு உலகப் போர்களுக்கும் காரணத்தை அவர் கச்சாப்பொருளில் கண்டார்.

விடுதலைக்குப் பின்

மத்திய மாகாண அரசுக்காக அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களை ஆராய்ந்து தொழில் அறிக்கை தந்தவர், தேசியத் திட்டக் குழுவில் இருந்து கருத்து வேறுபாட்டால் விலகியவர் என்ற முறையில், விடுதலை பெற்ற நாட்டின் போக்கு அவருக்கு வியப்பளித்திருக்க முடியாது, வருத்தம் அளித்தது. காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949இல் அறிக்கை அளித்தார். உழுபவருக்கே நிலம் என்ற அதன் பரிந்துரைகள் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றன. தில்லியில் கூட்டம் ஒன்றுக்குக் குதிரைவண்டியில் சென்ற அவரைக் காவலர் தடுத்ததாகவும், இராணுவ வண்டிகளால் விபத்து நேரும் என்பதே தடைக்குக் காரணம் என்று பிரதமர் விளக்கியபோது, அப்படியானால் நிறுத்தவேண்டியது இராணுவ வண்டிகளை அல்லவா என அவர் கேட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கதர், கிராமத் தொழில் ஆணையம் உருவானபோது அவர் வகுத்த தொழிற்பட்டியல் அரசுத் துறையின் பட்டியலாயிற்று. பட்டியல் தொடர்ந்தது, அதன் அடியில் இருந்த கணக்குமுறை தொடரவில்லை.

தருமபுரிச் சூழல்

தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாவதற்கு முன் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அப்பழைய மாவட்டத்தின் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராசாசி நிறுவிய காந்தி ஆசிரமம் கதர்ப்பணியின் தென்னக மையங்களுள் ஒன்று. வறட்சியில் வாடும் மானாவாரி நிலத்து மக்களுக்கு விளைச்சல் இல்லாத மாதங்களில் இராட்டை கூலி தந்தது. குமரப்பாவின் சங்கம் நாடு முழுமைக்கும் வகுத்த நெறியின் ஒரு பகுதி இங்கு முன்பே நடைமுறையில் இருந்தது எனலாம்.

இன்றைய தருமபுரியில் அவருடைய தேக்க, ஓட்டப் பகுப்பைப் பொருத்திப் பார்க்கத்தக்க பொருள் கரும்புச் சக்கை. வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் உலர்ந்த சக்கையே அடுப்பெரிக்க உதவுகிறது. கரும்பு தன்னைத் தானே காய்ச்சிக்கொள்கிறது என்று சொல்லத்தக்க சுழற்சி அது. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரூர் மாவட்டக் காகிதபுரத்தில் தமிழக அரசின் செய்தித்தாள் காகித ஆலை 1980களில் உற்பத்தியைத் தொடங்கியபோது சக்கையையே முதன்மைக் கச்சாப்பொருளாகக் கொண்டது. காட்டு மூங்கிலுக்கு மாற்றாக ஆண்டுதோறும் விளையும் பயிரின் எச்சத்தைக் கொள்வது ஓட்டத்தைச் சார்ந்த பொருளாதாரமே. ஆனால் சக்கையை எரித்துவந்த சர்க்கரை ஆலைக்கு அதற்கு ஈடான வேறு எரிபொருள் வேண்டும். அது நிலக்கரியானால் ஓட்டத்தைக் காத்த இடத்தில் தேக்கம் குறைகிறது. கணக்கு எந்த நிரலில் தொடங்கி எந்த நிரலில் முடிகிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

துணித் துறையிலும் ஒத்த நிலை உண்டு. தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூடுகளுள் துளைபட்டவையும் கறைபட்டவையும் நீள்இழையாக உரிக்க முடியாதவை. அவற்றை நூற்றே இழையாக்க வேண்டும். அங்கே கைநுட்பத்துக்கு இடம் இருக்கிறது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தம் மரபுப் பூத்தையலை மீட்டெடுத்து இயற்கைப் பருத்தித் துணியில் செய்துவருகின்றனர். மூத்த பெண்கள் சிலரிடம் மட்டும் எஞ்சியிருந்த தையல் வகைகள் இளையோர் கைக்கு வந்துள்ளன. அருகில் விளையும் பருத்தி, அங்கேயே உள்ள உழைப்பு, வாங்குபவர் கேட்டறியக்கூடிய வரலாறு ஆகிய மூன்றும் அங்குச் சேர்கின்றன. வாங்குவோர் பெரும்பாலும் நகரத்தவர் என்பது குமரப்பா விடையளிக்காமல் விட்ட சிக்கலை மறுபடியும் முன்நிறுத்துகிறது: உள்ளூரில் செய்த பொருளை உள்ளூரார் உடுத்த வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

கல்லுப்பட்டி

1950களின் தொடக்கத்தில் சீனாவுக்கும் சோவியத்து நாட்டுக்கும் சென்றுவந்த குமரப்பா, நலிந்த உடலோடு மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அங்கு ஒரு குடிசையே இல்லமாயிற்று. அதன் சுவரில் காந்தியடிகளின் படம் இருந்தது. அதனருகே ஓர் ஏழை உழவரின் படமும் இருந்தது. வருவோரிடம் முதற்படத்தைத் தம் தலைவர் என்றும், இரண்டாம் படத்தைத் தம் தலைவரின் தலைவர் என்றும் அறிமுகப்படுத்துவது அவர் வழக்கம்.

1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா காலமானார். அவர் மறைவுக்கு முந்தைய ஆண்டில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து ஒரு கைக்காகித ஆலை தொடங்கப்பட்டிருந்தது. அவர் மறைந்த ஆண்டில் காவிரிக்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை நிறுவனம் பதிவாயிற்று. 1990களில் ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில், பழைய காகசிக் குடும்பங்களின் ஊரிலேயே, தேசியக் கைக்காகித ஆய்வு நிறுவனம் அவர் பெயரால் அமைந்தது. கைக்காகிதக் கூடங்களுக்கு இன்று வந்துசேரும் கந்தல் பெரும்பாலும் வீடுகளில் உடுத்துக் கிழிந்த துணி அன்று; பின்னலாடை ஆலைகளின் வெட்டுத்துண்டுகளே.